வி என்றால் கடைசி நாள்

ஜூன் 11, செவ்வாய்

இது போன வருடத்து டைரி. யாரோ அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர் கொடுத்தது, ஒரு எழுத்துகூட எழுதாமல் பீரோவில் கிடந்தது. தேதி சரியாகத்தான் இருக்கிறது, கிழமைதான் உதைக்கிறது. கிழமையை அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன். நாள் முடிந்துவிட்டது என்பதற்காக ஒரு பொருளைத் தூக்கிப்போடுகிற ஆள் நான் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயா?" என்றார். காலையில் நான் தயிர்ப் பாக்கெட்டைக் கொட்டியதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார். தயிர் வேறு, டைரி வேறு.

சீசன் சூடு பிடித்துவிட்டது. கிருஷ்ணகிரிக்கு வெளியே இருக்கும் எங்கள் ஃபேக்டரியின் வாசலில் மாங்காய் லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. கூழாக்கி டப்பாவில் அடைத்து அனுப்புவது எங்கள் வேலை. டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும், எத்தனை நாள் வரை சாப்பிடலாம் என்று போட வேண்டும், இதெல்லாம் என் பொறுப்பு. இந்த வருடம் முதல்முறையாக பிரேசில் ஆர்டர். லேபிள் முழுக்க போர்ச்சுகீஸ் மொழி. அதனால் எனக்கு ஒரே மரியாதை. பெண்கள் செக்ஷனில் என் பெயர் வசுமதி என்பதே மறந்துபோய் "போர்ச்சுகீஸ் மேடம்" ஆகிவிட்டேன்.

வேலைக்குச் சேரும்போது மேனேஜர் புருஷோத்தமன் சார், போர்ச்சுகீஸ் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரியாதா பின்னே? வீட்டுக்காரர் மொசாம்பிக்கில் முந்திரி ஃபேக்டரியில் இருந்தபோது நம்புலா ஊரில் இரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அங்கே எல்லாம் போர்ச்சுகீஸ்தான், தக்காளிக்காரியிடம் அதில் பேரம் பேசி ஜெயித்திருக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

பிரேசில் சரக்குக்கு இன்று தேதி அடித்தோம். டப்பாவின் அடியில் தேதி அடிக்கிற மெஷினை ஓட்டுபவர் மாதையன். ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறார், கை சுத்தம். ஆனால் கேள்வி கேட்காமல் ஒரு வேலை செய்ய மாட்டார்.

பிரேசில்காரர்கள் அனுப்பிய மாதிரியில் மூன்றே எழுத்துகள்: எல், எஃப், வி. எல் என்பது லாட் நம்பர், எந்தத் தொகுதிச் சரக்கு என்று, அதில் தகராறு இல்லை. எஃப்புக்கு எதிரில் எந்தத் தேதி, விக்கு எதிரில் எந்தத் தேதி என்று மாதையன் போனில் கேட்டார். எனக்கு அப்போது ஆய்வகத்தில் தலைக்கு மேல் வேலை. எஃப்புக்கு ஜூன் 2026, விக்கு ஜூன் 2024 என்றேன். மனிதர் விடவில்லை, நேரில் வந்துவிட்டார்.

"வின்னா வேலிடிட்டி இல்லீங்களா மேடம்? கடைசி நாள் அதுலதானே வரணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் இரண்டு டிரெய்னிப் பெண்கள் வேறு. எஃப் என்றால் ஃபிம், ஃபிம் என்றால் போர்ச்சுகீஸில் முடிவு, நம்புலாவில் சினிமா முடிந்ததும் திரையில் இதைத்தான் போடுவான், வி என்றால் எந்த நாளிலிருந்து செல்லும் என்பது, உங்கள் பஸ் பாஸில் பார்த்ததில்லையா என்று ஒரு பிடி பிடித்தேன். "போர்ச்சுகீஸ் உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றும் கேட்டேன். டிரெய்னிகள் சிரித்தார்கள். அவரும் சரிங்க மேடம் என்று போய்விட்டார்.

முதல் டப்பா வந்ததும் வழக்கப்படி மாதையன் அதன் எழுத்தை டேப்பில் ஒற்றிப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் போட்டேன், டப்பாவின் மூடியிலும் மார்க்கரால் போட்டேன். டேப் பட்ட டப்பாவை விற்க முடியாது. அது ஆபரேட்டருக்குப் போகும், இது இங்கே பழக்கம். மாதையன் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசைக்கு ஆகும்.

ஜூன் 20, வியாழன்

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இன்று வகுப்பு எடுத்தேன். தேதி இரண்டு வகை என்று சொன்னேன். பால், கறி மாதிரியானவற்றில் போடும் தேதி தாண்டினால் தொடவே கூடாது. டப்பாவில் அடைத்த கூழுக்குப் போடுவது வேறு வகை. அதுவரைக்கும் நிறம், வாசம், ருசி எல்லாம் முதல் தரமாக இருக்கும் என்று நாம் கொடுக்கிற வாக்கு அது. "தேதி தாண்டின மறுநாளே உள்ளே இருக்கிறது கெட்டுப்போயிடாது" என்றேன். மாதையன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து ஒன்று சொன்னார். இந்த வருட நிரந்தர லிஸ்டில் அவர் பெயர் இருக்கிறதாம். கழுத்தில் தொங்கும் கார்டைக் காட்டினார். கான்ட்ராக்ட் கார்டில் ஆகஸ்ட் 31 என்று கடைசித் தேதி இருக்கும், வருடா வருடம் போய் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். நிரந்தரக் கார்டில் அந்த வரியே கிடையாது. "இந்த வருஷம் என் கார்டுல தேதி இருக்காதுங்க மேடம்" என்றார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சீசன் முழுக்க டைரியைத் தொடவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

பிரேசிலிலிருந்து ரெனாட்டா மெயில் அனுப்பியிருக்கிறாள். சரக்கு வாங்கிய கம்பெனியில் இறக்குமதி பார்ப்பவள். எப்போதும் இங்கிலீஷில்தான் எழுதுவாள். நான்தான் ஆசைப்பட்டு, எனக்குப் போர்ச்சுகீஸ் தெரியும், உங்கள் மொழியிலேயே எழுதுங்கள் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். எழுதிவிட்டாள்:

Conforme o rótulo, o lote já venceu. Aguardamos retorno.

எனக்கு ஒரே வாசிப்பில் புரிந்தது. லேபிளின்படி லாட் வென்சேயு. வென்சேயு என்றால் ஜெயித்துவிட்டது! நம்புலாவில் பந்தாட்டம் முடிந்தால் தெருவெல்லாம் இந்த ஒரு சொல்லைத்தான் கத்திக்கொண்டு ஓடுவார்கள். லேபிள் சோதனையில் நம் சரக்கு பாஸாகிவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பு ஆப்பில் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்றார். எனக்கு எதற்கு சார் ஆப் என்றேன். அந்த இடத்திலேயே ஆளை அனுப்பி மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். மாதையனுக்கு நான் என் கையால் இரண்டு துண்டு வைத்தேன். அச்சடித்த கை அல்லவா!

ஆகஸ்ட் 7, புதன்

எழுதவே கை கூசுகிறது.

இன்று ரெனாட்டாவிடமிருந்து மறுபடி மெயில், இங்கிலீஷில், கோபமாக. கூடவே படங்கள். எங்கள் டப்பாவின் அடிப்பகுதி. எஃப்: 06/2026. வி: 06/2024. கடைசி நாள் இரண்டு மாதம் முன்பே முடிந்த சரக்கை அனுப்பியிருக்கிறீர்கள், தயாரித்த நாள் இன்னும் இரண்டு வருடம் கழித்து வருகிறது, இது என்ன வேடிக்கை என்று கேட்டிருக்கிறாள். துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்கள்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய முதல் மெயிலை ஆப்பில் போட்டேன். "லேபிளின்படி லாட் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்." பிரேசிலில் ஒரு பொருளின் நாள் முடிந்தால் வென்சேயு என்பார்களாம். நம்புலாவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே ஃபோரா தி பிராசு என்பார்கள், கெடு தாண்டியது என்று. எஃப் என்றால் ஃபாப்ரிகசாவ், செய்த நாள். வி என்றால் வாலிடாடி, கடைசி நாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஊகித்துவிடும்.

காலாவதியான சரக்குக்கு மைசூர்பாகு கொடுத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் சீக்கிரம் போய்விட்டேன். தேதி அடிக்கும் அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். மாதையன் டீ குடிக்கப் போயிருந்தார். பார்த்துவிட்டு வந்தேன்.

கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்று. பால் ஒரு பாக்கெட் திரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விசாரணை. மேனேஜர் அறையில் நான், மாதையன், புரொடக்ஷனிலிருந்து ஒருவர். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஜூன் 14 பக்கம் இல்லை. ஜூன் 13க்கு அடுத்தது ஜூன் 15. யார் கிழித்தார்களோ தெரியவில்லை என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

தேதியை ஏன் மாற்றி அடித்தாய் என்று மேனேஜர் கேட்டார். "சொன்னபடிதாங்க சார் அடிச்சேன்" என்றார் மாதையன். யார் சொன்னது என்று கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதில் எழுதவும் ஒன்றுமில்லை, படிக்கவும் ஒன்றுமில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, எஃப், வி பற்றி இவருக்கு விளக்கிச் சொன்னீர்களா என்று கேட்டார்.

"வின்னா வேலிடிட்டின்னு எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்தான். மாதையன் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "இல்லீங்க சார்", "சரிங்க சார்" அவ்வளவுதான்.

அந்த டிரெய்னிப் பெண்கள் ஜூலையோடு போய்விட்டார்கள். அன்று நடந்ததைக் கேட்ட ஆள் இப்போது யாரும் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மாதையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிரந்தர லிஸ்டிலிருந்து பெயரை எடுத்தாயிற்று, 31ஆம் தேதி கார்டு முடிந்தால் புதுப்பிப்பதும் இல்லை. நோட்டீஸ் போர்டில் இரண்டு காரணம் போட்டிருக்கிறார்கள். தேதியை மாற்றி அடித்தது ஒன்று, பதிவேட்டின் பக்கத்தை மறைத்தது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தப்பு செய்தது மனுஷ குணம், பக்கத்தைக் கிழித்தது திருட்டுத்தனம் இல்லையா என்று கேன்டீனில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஃபிரிட்ஜை ஒழித்தேன். ஜாம், சாஸ், நெய், கடுகு எண்ணெய், எல்லாவற்றையும் எடுத்துத் தேதி பார்த்தேன். தாண்டியது நான்கு. எல்லாம் குப்பைக்கு. கருவேப்பிலைத் தொக்கில் தேதியே இல்லை, நான் வீட்டில் அரைத்தது, அதையும் போட்டேன். வீட்டுக்காரர் ஹாலில் இருந்தபடி, வீட்டில் என்னையாவது மிச்சம் வைப்பாயா என்று கேட்டார். வழக்கமாக இதற்கு நானும் ஒன்று திருப்பிக் கொடுப்பேன். இன்று குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

சாயங்காலம் சிலிண்டர் ரசீதைத் தேடினார். நான் எப்போதும் இந்த மாதிரிச் சீட்டுகளை டைரியில் செருகி வைப்பவள். டைரி சரியாக மூடாமல் உப்பிக்கொண்டு இருக்கிறதே என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். அடுக்களையிலிருந்து நான் வருவதற்குள் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடி மேஜைமேல் வைத்தார். "ரசீது இதுல இல்ல" என்றார்.

உள்ளே இருந்தது தலைகீழாக இருக்கிறது. நான் அப்படி வைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ரெனாட்டா மெயில். அங்கே ஆய்வகத்தில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டார்களாம், கூழில் ஒரு குறையும் இல்லை. சரியான தேதி போட்ட ஸ்டிக்கரை அங்கேயே ஒட்டிக்கொள்கிறோம் என்கிறாள். சரக்கு தப்பித்தது. மேனேஜருக்கு நிம்மதி. நல்லவேளை மேடம், பெரிய சேதம் ஒன்றும் இல்லாமல் முடிந்துவிட்டது என்றார்.

நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டது.

ஆகஸ்ட் 29, வியாழன்

டைரியிடமே எத்தனை நாள் மழுப்புவது?

ஜூன் 14 பக்கத்தைக் கிழித்தவள் நான். ஆகஸ்ட் 8 காலை, மாதையன் டீ குடிக்கப் போயிருந்த ஐந்து நிமிடத்தில். ஸ்கேலை வைத்து நேராகக் கிழித்தேன், பிசிறு தெரியக் கூடாது என்று. நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து கொளுத்திவிடலாம் என்று அடுப்பைக்கூடப் பற்றவைத்தேன். அதில் அவர் கையெழுத்தும் இருந்தது. மாதையன் என்று குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு டைரியில் வைத்தேன்.

இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். தெரியும் என்றார். பத்து நாளாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று நான் அவர்மேல் பாய்ந்தேன், பாய்வதற்கு வேறு யார் இருக்கிறார்கள். அவர் நிதானமாகக் கேட்டார். "நம்புலாவுல நீ தக்காளி வாங்குற அளவுக்குப் பேசுவ. அதைப் போய் மொழி தெரியும்னு ஏன் வசு சொன்ன?"

ஏன் சொன்னேன்? நாற்பது வயதில், எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, வேலை கேட்டு ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருந்த ஒரே அதிசயம் அதுதான். தெரியும் என்ற பிறகு, தெரியாது என்று சொல்ல ஒரு நாள்கூட வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் மழுப்பல்தான். வெட்கமாக இருந்தது.

மாதையன் கார்டுக்கு இன்னும் இரண்டு நாள். நாளை சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மேனேஜர் ஓசூர் போய்விட்டார்.

ஆகஸ்ட் 31, சனி

மேனேஜர் அறையிலேயே இருந்தார். நான்தான் போகவில்லை. இரண்டு தடவை கதவு வரை போனேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காவேரிப்பட்டணம் தாண்டி மாதையன் வீடு. விசாரித்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உள்ளுக்குள் வேறு ஒன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவர் மன்னித்துவிட்டால், இது எங்கள் இரண்டு பேருக்குள்ளேயே முடிந்துவிடும், மேனேஜரிடம் போக வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. வேறு ஃபேக்டரியில் அவருக்கு வேலைக்குச் சொல்லிவைக்கலாம் என்றுகூட பஸ்ஸில் கணக்குப் போட்டேன். இவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

வாங்க மேடம் என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பையிலிருந்து பக்கத்தை எடுத்து நீட்டினேன். நான்தான் கிழித்தேன், நான்தான் தப்பாகச் சொன்னேன், மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு துண்டுச் சுருளைக் கொண்டுவந்து பிரித்தார். மாம்பழக்கூழ் டப்பா. முதல் டப்பா. அடியில் எஃப், வி. மூடியில் பட்டை மார்க்கரில் என் கையெழுத்து, ஜூன் 14 தேதியோடு. திறக்காமல் அப்படியே வைத்திருந்தார். எனக்கு அந்த டப்பாவின் ஞாபகமே இல்லை. பக்கத்தைக் கிழித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை ஏன் விசாரணையில் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டியிருந்தா நீங்க மாட்டிக்கிட்டதா ஆயிருக்கும்ங்க. நீங்களா ஒத்துக்கிட்டதா ஆயிருக்காது. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். என் கார்டுக்கு முப்பத்தொண்ணு வரைக்கும் நாள் இருந்துச்சு. உங்களுக்கும் அதையே நாளா வச்சிருந்தேன்."

நேற்றோடு முடிந்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அப்போ எனக்கு நாள் தாண்டிடுச்சு என்றேன்.

"தாண்டிடுச்சுங்க" என்றார். பிறகு, "தேதி தாண்டின மறுநாளே உள்ளே இருக்கிறது கெட்டுப்போயிடாதுன்னு வகுப்புல சொன்னீங்களே. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நாளைக் காலை முதல் ஷிஃப்டுக்கு ஃபேக்டரிக்கு வாருங்கள், மேனேஜர் அறையில் உங்களை வைத்துக்கொண்டே சொல்கிறேன் என்றேன். பக்கத்தையும் டப்பாவையும் என் கையில் கொடுத்தார். நீங்களே கொண்டு போங்க என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

நான்கு நாளாக எழுதவில்லை. முதலில் சின்ன விஷயங்கள். சிலிண்டர் ரசீது வீட்டுக்காரரின் சட்டைப் பையிலேயே இருந்தது. என்னை லேபிள் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், சரக்கு இறக்கும் இடத்தில் எடைச்சீட்டு பார்க்கிறேன். எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, பதில் எழுத வேண்டும். இனி போர்ச்சுகீஸ் மெயில் எல்லாம் வெளியில் முறையாகப் படித்த ஒருவருக்குப் போகும். ரெனாட்டாவுக்குக் கடைசியாக நானே எழுதினேன், இங்கிலீஷில், உங்கள் மொழி எனக்குத் தெரியாது என்று. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. போகட்டும்.

மாதையனுக்கு நேற்று கார்டு வந்துவிட்டது. அதில் கடைசித் தேதி என்ற வரி இல்லை. செக்யூரிட்டியிலிருந்து கேன்டீன் வரைக்கும் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். என்னிடம் காட்டவில்லை.

இனி திங்கட்கிழமை. அதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் ரசீதைப் பற்றி எழுதினேன்.

மேனேஜர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று பேர் மட்டும் என்று மனதில் திட்டம் போட்டிருந்தேன். காலை எட்டே முக்காலுக்குக் கேட்டில் மாதையன் நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டை. செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கார்டு முப்பத்தொன்றாம் தேதியோடு முடிந்துவிட்டது, மெஷின் சிவப்புக் காட்டுகிறது, நான் என்ன செய்வது என்றான். என் விருந்தாளி என்று எழுதிக்கொள் என்றேன். நோட்டீஸ் போர்டில் பெயர் வந்த ஆளை விட முடியாது என்றான். மேனேஜருக்குப் போன் செய்தேன். அவன் எதற்கு, நீங்கள் வாருங்கள் உள்ளே பேசிக்கொள்ளலாம் என்றார். மாதையன் கேட்க வேண்டும் சார் என்றேன். நான்கு தடவை சொன்ன பிறகு அவரே எரிச்சலோடு இறங்கி வந்தார்.

அதற்குள் முதல் ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. லாரி டிரைவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். பெண்கள் செக்ஷன் மொத்தமும் கேட்டில் நின்றது. சாத்திக்கொள்ள அங்கே கதவு இல்லை. என்ன மேடம், சீக்கிரம் என்றார் மேனேஜர்.

பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன், நிமிர்த்தி மூடியைக் காட்டினேன். மாற்றி அடிக்கச் சொன்னது நான், பக்கத்தைக் கிழித்தது நான், எனக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது, வேலைக்குச் சேர்ந்த அன்றே பொய் சொன்னேன் என்றேன். பின்னால் நின்ற ஒருத்தி கேட்கவில்லையே என்றாள். மறுபடி முதலிலிருந்து உரக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் எனக்கே முழுசாகக் கேட்டது.

மேனேஜர் பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாதையன்தான் கேட்டுக்கு வெளியே இருந்து கம்பி வழியாகக் கேட்டார்.

"எஃப்னா என்னாங்க மேடம்?"

"ஃபாப்ரிகசாவ். செஞ்ச நாள்."

"வின்னா?"

"வாலிடாடி. கடைசி நாள்."

"அதைத்தாங்க அன்னிக்கு நானும் சொன்னேன்" என்றார் மாதையன்.